நூறு வீடும் ஒரு மாடி போர்ஷனும்

சேலத்தில் வாடகைக்கு வீடு தேடியிருக்கிறீர்களா? அஸ்தம்பட்டியோ, அழகாபுரமோ, சூரமங்கலமோ, எந்தப் பக்கம் போனாலும் புரோக்கர் கேட்கும் முதல் கேள்வி: 'மொத்தம் எத்தனை பேருங்க?' இரண்டாவது: 'அட்வான்ஸ் எவ்வளவு தருவீங்க?' மூன்றாவதுதான் முக்கியம். அதைக் கேட்கும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கிவிடும். 'தப்பா நெனச்சுக்காதீங்க சார்... நீங்க என்ன ஆளுங்க?'

தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பதாம்?

ஆனால், இதைப் பற்றி நான் வீறாப்பாகப் பேச முடியாது. பத்து வருடங்களுக்கு முன்னால் எங்கள் வீட்டு மாடி போர்ஷனைப் பார்க்க ஓர் இளம் தம்பதி வந்தார்கள். வீடு பிடித்துவிட்டது. வாடகையும் ஒத்துவந்தது. அம்மா அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்டார். அந்தப் பையன் ஒளிக்காமல் பதில் சொன்னான். 'அடடா, நேத்துதான் ஒருத்தர் வந்து பேசிட்டுப் போனாருப்பா' என்றார் அம்மா. அப்படி யாரும் வரவில்லை. நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டே இருந்தேன்.

அந்தப் பையனின் முகம் எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது, போன மாதம் நாமக்கல் பக்கம் ஒரு சமத்துவபுரத்துக்குப் போனபோது.

இளைய வாசகர்களுக்காக ஒரு சின்ன ஃபிளாஷ்பேக். 1990-களின் நடுவில் தென் மாவட்டங்கள் சாதிக் கலவரத்தில் எரிந்தன. 1997 ஜூனில் மதுரை மாவட்டம் மேலவளவில், ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் ஒருவரையும் அவரோடு இருந்தவர்களையும் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். அந்தக் காலகட்டத்தில்தான் அன்றைய முதல்வர் கலைஞர் 'பெரியார் நினைவு சமத்துவபுரம்' திட்டத்தைக் கொண்டுவந்தார். முதலாவது சமத்துவபுரம் 1998-ல் அதே மதுரை மாவட்டத்தில், மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது.

கணக்கு எளிமையானது. நூறு வீடு. தலித்துகளுக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. கலந்து கலந்துதான் ஒதுக்க வேண்டும். ஒரே சமுதாயக் கூடம், ஒரே சுடுகாடு. முகப்பில் பெரியார் சிலை. கோயில், மசூதி, சர்ச் எதுவும் கட்டக் கூடாது.

காலம் காலமாக ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று பிரிந்துகிடக்கும் நாட்டில், ஓர் அரசாங்கம் வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, 'பக்கத்துப் பக்கத்தில் இருப்பதாக இருந்தால் வாங்கிக்கொள்' என்று சொன்னது சாதாரண விஷயம் இல்லை. அதற்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுத்தான் விமர்சனத்துக்கு வர வேண்டும்.

நான் போன இடத்தில் பொட்டிக்கடை வைத்திருக்கும் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

'இங்க வந்து இருபத்தஞ்சு வருசம் ஆச்சுங்க. சண்டைன்னா குழாயடிச் சண்டைதான். சாதிச் சண்டைன்னு ஒண்ணு வந்ததில்லீங்க.'

'ஒருத்தர் வீட்ல ஒருத்தர் கை நனைப்பீங்களா?'

'டீ குடிப்போமுங்க.'

'சோறு?'

'அது... அவங்கவங்க வீட்ல ஆக்கறதுதானுங்களே!'

'பொண்ணு குடுக்கறது, எடுக்கறது?'

சிரித்துவிட்டார். 'சேலத்துல, நாமக்கல்லுல மாடி வீட்ல இருக்கறவிய யாராச்சும் செய்யறாங்களுங்களா? எல்லாத்தையும் இந்த நூறு வீட்டுக்காரங்கதான் செஞ்சு காட்டோணுமுங்களா?'

மண்டையில் நறுக்கென்று ஒரு குட்டு.

யோசித்துப் பாருங்கள். சமத்துவபுரத்தில் யாருக்கு வீடு? சொந்த வீடு இல்லாத ஏழைக்கு. அதாவது, சாதியை ஒழிக்கும் பொறுப்பை, 'வேண்டாம்' என்று சொல்ல வசதியில்லாதவர்கள் தலையில் ஏற்றியிருக்கிறோம். கையில் காசு இருப்பவன் தன் ஆட்கள் இருக்கும் தெருவாகப் பார்த்து மனை வாங்குகிறான். வாடகைக்கு விடும்போது மூன்றாவது கேள்வியையும் கேட்டுக்கொள்கிறான். அவனிடம் எந்த அரசாங்கமும் 40, 25, 25, 10 என்று கணக்குக் கேட்பதில்லை.

நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்த வித்தை கூட்டல் கழித்தல்தான். போட்டுப் பார்த்தேன். 1996-2001 ஆட்சியில் 145 சமத்துவபுரங்கள், 2006-11 ஆட்சியில் 95. இடையில் ஆட்சி மாறியபோது திட்டம் தூங்கிவிட்டது. 2022-ல் விழுப்புரம் மாவட்டம் கொழுவாரியில் மறுபடி ஒன்று திறந்தார்கள். 240 என்றே வைத்துக்கொண்டாலும் 24,000 வீடுகள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 1 கோடியே 85 லட்சம் குடும்பங்கள். ஆயிரம் குடும்பத்துக்கு ஒன்றரை வீடுகூடத் தேறவில்லை. இது சமுதாயத்தை மாற்றும் திட்டம் இல்லை சார், சாம்பிள் பாக்கெட்!

இன்னொரு பக்கம் பாருங்கள். ஆதிதிராவிடர் வீட்டு வசதிக்கென்றே 1974-ல் தாட்கோவைத் தொடங்கியது இதே அரசாங்கம்தான். நல்ல நோக்கம். ஆயிரக்கணக்கான ஏழைகளின் தலைக்கு மேல் கூரை வந்தது. ஆனால், தலித்துகளுக்கு வீடும் மனையும் கொடுத்தபோதெல்லாம் பெரும்பாலும் எங்கே கொடுத்தோம்? ஊருக்கு வெளியே, தனியாக. பெயர்: 'காலனி'. அந்தச் சொல்லே வசையாகிவிட்டதென்று 2025 ஏப்ரலில் அதை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகச் சட்டசபையில் அறிவிக்க வேண்டியிருந்தது. பெயரை எடுத்தாயிற்று, சரி. ஊருக்கும் அதற்கும் நடுவில் இருக்கும் அரை மைலை யார் எடுப்பது? ஒரு கையால் சேர்த்து வைத்த வீடுகளைவிட, இன்னொரு கையால் பிரித்து வைத்த வீடுகள் பல மடங்கு.

அந்த 40-க்குள்ளும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பக்கத்தில் அருந்ததியர்கள் அதிகம். தலித்துகளிலும் கடைசிப் படியில் நிற்பவர்கள். அவர்களுக்கு 2009-ல் 3 சதவிகித உள் ஒதுக்கீடு கொடுத்தது தமிழ்நாடு. இப்படி உள்ளே பிரித்துக் கொடுப்பது செல்லும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால், அந்தச் சட்டம் கல்விக்கும் வேலைக்கும்தான். வீட்டுக்கு இல்லை. 40-ல் அருந்ததியருக்கு எத்தனை, துணையில்லாத பெண்களுக்கு எத்தனை, மாற்றுத் திறனாளிகளுக்கு எத்தனை, திருநங்கைகளுக்கு எத்தனை? கடைத்தெருவில் நின்று கேட்டால் பதில் கிடைக்காது.

என் முக்கியமான புகார் இதுதான். சமத்துவத்தைச் சாவி கொடுக்கும் நாளில் மட்டும் எண்ணுகிறோம். எங்கள் கணக்குப் பாஷையில் அதற்குத் தொடக்க இருப்பு என்று பெயர். அதை மட்டும் எழுதிவிட்டு நோட்டை மூடி வைத்தால் அது கணக்கே இல்லை. வருடக் கடைசியில் என்ன மிச்சம்? நூறில் எத்தனை பேர் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள்? காலியான வீட்டுக்கு யார் வந்தார்கள்? சமுதாயக் கூடத்தில் எல்லா வீட்டு விசேஷமும் நடக்கிறதா? சுடுகாட்டில் எல்லாரும் ஒன்றாகத்தான் வேகிறார்களா?

சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே பெரும்பாலானவர்கள் இருப்பது அரசு கட்டிய அடுக்குமாடியில். 1989-லிருந்து ஒவ்வொரு பிளாக்கிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் இத்தனை சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு. முதல் ஒதுக்கீட்டுக்கு மட்டுமல்ல, கை மாறி விற்கும்போதும் அது பொருந்தும். அதிலும் குறை உண்டு. வரம்பு நிரம்பிய பிளாக்கில் இருக்கும் தமிழர் தன் வீட்டை விற்கப் போனால், வாங்கும் ஆள் குறைவு, விலையும் அடிபடும். ஆனால், கணக்கு நோட்டு திறந்தே இருக்கிறது. பிரிட்டனில் 2010-ம் வருடச் சமத்துவச் சட்டம் வந்தபிறகு, பொது அமைப்புகள் தங்கள் சமத்துவ விவரத்தை வருடா வருடம் வெளியிட்டாக வேண்டும். நாமும் வீட்டு வசதி வாரியத்திலிருந்து 'கலைஞரின் கனவு இல்லம்' வரை எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு வருடாந்திரக் கணக்குப் போடலாமே! பெரிய செலவில்லை. ஆளனுப்பி எண்ணினால் போதும்.

இதெல்லாம் நமக்கு ஒத்துவராது என்பவர்களுக்கு ஓர் உள்ளூர்ச் சரித்திரம். சேலம் நகராட்சியில் முதல் தலித் உறுப்பினர் வந்தது, 1917-19-ல் ராஜாஜி சேர்மனாக இருந்தபோது. அதே ராஜாஜி 1925 பிப்ரவரியில் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் ஆரம்பித்தார். இடம் கொடுத்தவர் உள்ளூர் ஜமீன்தார் ரத்தினசபாபதிக் கவுண்டர். திறந்து வைத்தவர் பெரியார்! அந்த ஆசிரமத்தில் தலித்துகளும் மற்றவர்களும் ஒன்றாக இருந்தார்கள். ஊருக்குப் பிடிக்கவில்லைதான். இருந்தும் நடந்தது. பின்னாளில் எதிரும் புதிருமாக நின்றவர்கள் சேர்ந்து, மேலக்கோட்டைக்கு 73 வருடம் முன்பே, இந்த மண்ணில் ஒரு சமத்துவபுரத்துக்கு விளக்கேற்றியிருக்கிறார்கள். ஒரு வித்தியாசம்: அங்கே போய் உட்கார்ந்தவர்களில் வசதி உள்ளவர்களும் இருந்தார்கள்.

எங்கள் மாடி போர்ஷன் மறுபடி காலி. போன வாரம் புரோக்கர் போன் செய்தார். 'யாருக்கு வேணாலும் காட்டலாமுங்களா சார், இல்ல...?'

'யாருக்கு வேணாலும் காட்டுங்க' என்றேன்.

பக்கத்து அறையில் அம்மா டி.வி. சத்தத்தைக் குறைத்தது கேட்டது. இன்னும் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேச வேண்டும். மூன்று வார்த்தை சொல்ல எனக்குப் பத்து வருடம் ஆகியிருக்கிறது. அரசாங்கத்திடம் கணக்குக் கேட்பவன், இந்தப் பாக்கியையும் நோட்டில் எழுதிவிட வேண்டும் இல்லையா?