மனை வரைபடத்தில் வெள்ளையாய்க் கிடக்கும் இடம்

சாத்தான்குளத்தைச் சுத்திப் பனை நின்ன செம்மண்ணுல இப்ப மனைக்கல் நிக்குது. மனை விற்பவர்கள் தரும் நோட்டீஸில் ஒரு வரைபடம் இருக்கும். 23 அடி ரோடு, 30 அடி ரோடு, பூங்கா, கிழக்குப் பார்த்த மனை. அதையும் ஒரு பிரதியாக எடுத்து வாசிக்க வேண்டும். கவிதையை மட்டுந்தான் வாசிக்கணுமா என்ன?

முதலில் பார்க்க வேண்டியது தெரு எங்கே முடிகிறது என்பதை. பின்னால் வயல் இருந்தால் தெருவைத் திறந்து விடுவான், நாளைக்கு அந்த வயலும் மனையாகும். பின்னால் சேரி இருந்தால் ஒரு வரிசை மனையைக் குறுக்கே போட்டு முட்டுச்சந்தாக்கலாம். அல்லது சுவர். வரைபடத்தில் அது ஒரு கோடு, அவ்வளவுதான். சாதி என்ற சொல்லே வராது. ஆனா நம்ம சனம் பஸ் ஏறச் சுத்திப் போகணும். விதிகள் தெருவின் அகலத்தை அளக்கின்றன, பெரிய மனைப்பிரிவில் 10 விழுக்காட்டைப் பொதுவுக்கு விடச் சொல்கின்றன, தெருக்களைத் தானப் பத்திரமாக உள்ளாட்சிக்கு எழுதி வாங்குகின்றன. யாருடைய நடைபாதை அடைபட்டது என்று சாதியைச் சொல்லிக் கேட்பதில்லை.

கோடு சுவரானால் என்னாகும்? உத்தப்புரத்தில் 1989இல் எழுந்த சுவரில் ஒரு பகுதியை இடிக்க 2008 வரை ஆனது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 விடியக்காலை, மழையில் ஒரு வீட்டு மதில் சரிந்து 17 தலித்துகள் செத்தார்கள்.

அரசாங்கம் மட்டும் யோக்கியமா? பழைய ஆவணத்தில் ஊர்நத்தம் வேறு, சேரிநத்தம் வேறு. 1978 சட்டப்படி நிலம் எடுத்து நமக்கு மனை தந்தார்கள், மறுக்கல. தந்த இடம் பெரும்பாலும் ஊருக்கு வெளியே. பாமா 'கருக்கு'வில் (1992) எந்தத் தெருவில் யார், தபாலாபீசும் பள்ளிக்கூடமும் யார் தெருவில் என்று எழுதியதைப் பின்னணி வருணனையாகத் தாண்டிவிடக் கூடாது. மேலத்தெருக்காரனுக்கு நம்ம தெருவுக்கு வரவேண்டிய வேலையே இல்லாதபடி ஊர் வரையப்பட்டிருக்கிறது.

இதை வரைபடத்திலேயே மாற்றிப் பார்த்த முயற்சி சமத்துவபுரம். 1998இல் மேலக்கோட்டையில் முதலாவது. 100 வீட்டில் தலித்துக்கு 40, பிற்படுத்தப்பட்டோர் 25, மிகப் பிற்படுத்தப்பட்டோர் 25, மற்றவர் 10, கலந்து கலந்து, சுடுகாடும் ஒன்றுதான். நல்ல வரைபடம். ஆனால் புது மண்ணில் வரைந்தார்கள், பழைய ஊரின் ஒரு தெருவும் நகரவில்லை.

2025இல் 'காலனி' என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து எடுப்பதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். எடுக்கட்டும். கூடவே, மனைப்பிரிவு அனுமதிக்கு வைக்கும் வரைபடத்தில் பக்கத்துச் சேரியையும் அதன் ஒத்தையடிப் பாதையையும் போட்டுக் காட்டு, அந்தப் பாதையை உன் தெருவோடு சேர் என்று நாம கேட்கணும். நோட்டீஸ்ல இப்ப அந்த இடம் வெள்ளையாத்தான் கிடக்குது.