பனிப்புயல் என்றொரு கப்பல்

ஆளைக் கொல்லும் கப்பலுக்கு யாராவது 'முதல் பனி' என்று பேர் வைப்பார்களா? ஜப்பான் கடற்படை வைத்தது. இந்த வரிசையில் முதலில் வந்த கப்பல் ஃபுபுகி; அப்படியென்றால் பனிப்புயல். அது 35ஆம் எண் நாசகாரிக் கப்பலாகத்தான் கட்டத் தொடங்கப்பட்டது. 1928இல்தான் பெயர் கிடைத்தது. பின்னால் வந்தவை ஷிராயுகி (வெண்பனி), ஹட்சுயுகி (முதல் பனி), யூகிரி (அந்தி மூடுபனி)... ஃபுபுகியோடு சேர்த்து இந்த வகையில் மொத்தம் 24. பட்டியலை வாசித்தால் வானிலைக் குறிப்பு போலிருக்கும்.

பெயரைவிட உடம்பு அதிசயம். முந்தைய நாசகாரிகளில் பீரங்கிக்காரர்கள் அலையில் நனைந்துகொண்டே சுட்டார்கள். இதில் 127 மில்லிமீட்டர் பீரங்கிகள் ஆறும் இரண்டிரண்டாக மூடிய கூண்டுகளுக்குள் போயின. கூடவே 610 மில்லிமீட்டர் டார்பிடோக் குழாய்கள் ஒன்பது. வேகம் 38 நாட். மற்ற நாடுகள் மலைத்தன.

ஆனால் ஒல்லியான உடம்பில் இவ்வளவு நகை தாங்குமா? மேல்பாரம் கூடிவிட்டது. 1935 செப்டம்பரில் பயிற்சிக்குப் போன கடற்படை சூறாவளியில் சிக்கியது. ஹட்சுயுகி, யூகிரி இரண்டுக்கும் முன்பகுதியே முறிந்து போனது. பிறகு உடலை வலுப்படுத்தி, பாரத்தைக் கீழே இறக்கினார்கள். வேகம் 34 நாட்டாகச் சுருங்கியது. எனக்கென்னவோ, அந்தப் பேராசையோடு பிறந்த பழைய வடிவம்தான் அழகு.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது அந்த 24இல் மிதந்தவை இரண்டே இரண்டு: உஷியோ, ஹிபிகி. ஹிபிகியை 1947இல் சோவியத் நாட்டுக்குக் கொடுத்தார்கள். ஹிபிகி என்றால் எதிரொலி.