ஒரு பீஸ் என்ன விலை?

காரியாபட்டி பஸ் ஸ்டாண்டில் அருப்புக்கோட்டை பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். டீக்கடையில் பத்து நிமிஷத்தில் ஒரே சொல்லை நாலு தடவை கேட்டேன். ‘ஸ்கூல் பீஸ் கட்டியாச்சா?’ என்று ஒருவர் செல்போனில் கேட்டார். ‘பீஸ் போயிருச்சு, லைட் எரியாது’ என்றார் கடைக்காரர். ‘கேக் ஒரு பீஸ் குடுங்கண்ணே’ என்றான் ஒரு பையன். ‘அவன் ஒரு மாதிரி பீஸுப்பா’ என்று யாரைப் பற்றியோ இரண்டு பேர் தீர்ப்பு சொன்னார்கள்.

முதல் இரண்டும் இங்கிலீஷில் வேறு வேறு வார்த்தைகள். நம் நாக்கு ஒன்றாக்கிவிட்டது, போகட்டும். மூன்றாவதுதான் வில்லங்கம். அகராதியைப் புரட்டினால் ‘துண்டு’ என்று இருக்கும். கேக்குக்குச் சரி. ஜவுளிக்கடையில் சேலையைக் காட்டி ‘ஒரு பீஸ் என்ன விலை?’ என்றால் யாரும் கிழித்துத் தருவதில்லை; முழுச் சேலைதான். 17-ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி நம் சோழமண்டலக் கரையில் வாங்கிய துணிகளுக்கும் ‘பீஸ் கூட்ஸ்’ என்றுதான் பெயர். குறித்த நீளத்துக்கு நெய்து முடித்த முழுத் துணி!

இந்த அர்த்தத்துக்குத் தமிழில் அருமையான சொல் உண்டு: உருப்படி. சலவைக்குப் போடுகிற சட்டையும் உருப்படி, கச்சேரியில் பாடுகிற கீர்த்தனையும் உருப்படி.

பி.காமில் காஸ்ட் அக்கவுன்டிங் படித்தவர்களுக்கு டெய்லரின் ‘பீஸ் ரேட்’ ஞாபகமிருக்கும். 1895-ல் அந்த அமெரிக்க எஞ்சினியர் சொன்ன முறை. குறித்த அளவை எட்டினால் பீஸுக்குக் கூடுதல் ரேட், எட்டாவிட்டால் குறைந்த ரேட். இதைச் சொல்லுக்குச் சொல் ‘துண்டுக் கூலி’ என்று பெயர்த்தால், தீபாவளிக்குத் துண்டு போர்த்துகிற மாதிரி இருக்கிறது. ‘உருப்படிக் கூலி’ என்பேன். ஏனென்றால், உருப்படியாகச் செய்ய நேரம் வேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

நேரம்தான் பிரச்னை. அதே டீக்கடையில் பட்டாசு வேலைக்குப் போய்வரும் ஓர் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

‘‘மாசச் சம்பளமாக்கா?’’

‘‘எங்க தம்பி? எத்தனை ஓடுதோ அத்தனைக்குத்தான் காசு. நிதானமாச் செய்யுங்கன்னு சொல்றாக. நிதானமாச் செஞ்சா வீட்டுக்கு என்னத்தைக் கொண்டு போறது?’’

பட்டாசு மருந்துக்கு லேசான உராய்வே போதும். 2012 செப்டம்பர் 5-ம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 30 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால், பதறாமல் செய்ய வேண்டிய வேலைக்கு, பதறினால்தான் காசு என்று ரேட் வைப்பது என்ன நியாயம்?

பரீட்சையில் ‘பீஸ் ரேட் முறையின் குறைகள்’ என்று கேட்டிருந்தார்கள். தரம் குறையும், பொருள் சேதமாகும் என்று பாயிண்ட் பாயிண்டாக எழுதி மார்க் வாங்கினேன். அந்த அக்கா சொன்ன பாயிண்ட் என் விடைத்தாளில் இல்லை.