கள்வர் யார்?

துப்பறியும் நாவல்களில் ஈடுபாடுடையோர் தத்தமக்கு உவப்பான நூல்களை எடுத்துரைக்குங்கால், வில்கி கொலின்ஸ் 1868ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மூன்ஸ்டோன்’ என்னும் ஆங்கில நாவலை மறப்பதில்லை. புதிரமைப்பின் திறமே இதற்குக் காரணமென்பர் பலர். அம்மதிப்பீடு முழுமையானதன்று.

ராக்கேல் என்னும் மங்கை பிறந்தநாட் பரிசாகப் பெற்ற வைரம் அன்றிரவே மறைகின்றது. அவளை விரும்பும் பிராங்கிளின் பிளேக் முன்னின்று கள்வனைத் தேடுகின்றான். தேடலின் நடுவே அகப்படும் கறைபடிந்த இராவுடையிற் காணப்படுவது அவன் பெயரே! அபினி மயக்கத்தில், தன்னையறியாமலே வைரத்தை முதலில் எடுத்தவன் அவனே. அதனைக் கொண்டு சென்றவன் பிறனொருவன். இவ்வுண்மையை நிறுவும் அபினிச் சோதனை நம்பத்தக்கதன்றெனக் குறைகூறுதல் பொருந்தும்.

எனினும், நூலின் உயிர் வேறிடத்தே உளது. 1799இல் ஸ்ரீரங்கபட்டணம் வீழ்ந்தபொழுது, ஆங்கிலப் படையதிகாரி ஒருவன் காவலரைக் கொன்று அவ்வைரத்தைக் கவர்ந்தமையை ஆசிரியர் தொடக்கத்திலேயே காட்டிவிடுகின்றார். ஆகவே, களவுபோயிற்றென வருந்தும் குடும்பத்தார் கைக்கொண்டதும் களவுப் பொருளே. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின் பதினோராண்டே கழிந்திருந்த காலத்தில், வைரத்தை மீட்க வந்த மூன்று பிராமணரைக் கொலைக்கும் அஞ்சாதவராகக் காட்டிய கொலின்ஸ், கடமைக்காகக் குலத்தையே துறந்தவராகவும் காட்டினார். அது துணிவுடைய செயலாகும். ஈற்றில் வைரம் இந்தியாவிலே, தெய்வத்தின் திருவுருவை மீண்டும் அடைகின்றது.

விடையறிந்த புதிரை மீண்டும் நாடுவார் அரியர். இந்நூலை மீண்டும் படிப்போர், முதற் கள்வர் யார் என்னும் வினாவையே எதிர்கொள்வர்.