கிட்டங்கி வழியாக வாருங்கள்

அறுகம்பைக்குப் போகிறவர்கள் கல்முனையில் இறங்குவது பெரும்பாலும் ஒரு பிளேன்டீ குடிக்கத்தான். கடை வரிசையையும் நெரிசலையும் பார்த்துவிட்டு, இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று ஏறிப் போய்விடுகிறார்கள். இரண்டு பகலும் ஓர் இரவும் கொடுத்தால் நாவுக்கும் கண்ணுக்கும் நிறைவாகத் தரக்கூடிய ஊர் இது. ஆனால் அதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்கில் முதலாவது, ஊருக்குள் எந்தப் பக்கத்தால் நுழைவது என்பது.

மட்டக்களப்பு வீதியால் வந்தால் கடைத்தெருதான் முதலில் எதிர்ப்படும். நான் சொல்வது மேற்குப் பக்கம். அம்பாறையிலிருந்து மத்தியமுகாம், சவளக்கடை என்று நாவிதன்வெளியின் வயல்களுக்குள்ளால் வந்து, கிட்டங்கிப் பாலத்தைக் கடந்து கல்முனைக்குள் இறங்க வேண்டும். சோறு விளைகிற இடத்திலிருந்து புறப்பட்டு மீன் ஏறுகிற இடத்தில் போய் நிற்கும் வழி இது. அதிக தூரமில்லை. இந்த நகரத்தின் சமையல் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

மாசி, பங்குனியில் வருவது உத்தமம். பெரும்போக அறுவடை நடக்கும். வெட்டிய வைக்கோலின் மணம் வீதி வரைக்கும் வரும். சொறிக்கல்முனைத் திருச்சிலுவைத் திருத்தலத்தைப் பார்த்துவிட்டு, காலையிலேயே கிட்டங்கிக்கு வந்துவிடுங்கள். இரண்டு பக்கமும் தண்ணீர். ஆற்றுவாழையும் சல்பீனியாவும் பச்சைப் பாய் விரித்தாற்போல் கிடக்கும். பாலத்தோரத்தில் நின்று வீச்சுவலை எறிகிறவரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வலையின் ஒரு ஓரத்தைத் தோளில் போட்டு, இடுப்பை ஒருமுறை திருப்பி விடுகிற அந்தக் கணத்தில் வலை வட்டமாக விரிந்து, ஈயக்குண்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொடும். வட்டம் ஒரு பக்கம் சப்பினாலும் மீன் தப்பிவிடும். அறுவடைக் காலத்தில் இந்தப் பக்கம் யானைகள் இறங்குவதுண்டு. ஆகவே இருட்டோடு வர வேண்டாம்.

அங்கிருந்து நேரே கடற்கரை. மாரி அடங்கிக் கடல் தணிந்த மாதங்களில் கரைவலை இழுப்பார்கள். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குள் போய், வலையை வளைத்துப் போட்டு, மறு முனையோடு தள்ளி ஓரிடத்தில் கரையேறும். பிறகு இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று இழுப்பார்கள். தொடக்கத்தில் இரண்டு வரிசைக்கும் இடையில் நல்ல தூரம். வலை கரையை அண்ட அண்ட வரிசைகளும் ஒன்றையொன்று நெருங்கி வரும். மடி மணலில் ஏறும்போது எல்லாரும் ஒரே கூட்டமாகிவிடுவார்கள். கீரி, சூடை, நெத்தலி வெள்ளியாய்த் துள்ள, நடுவே பாரை ஒன்றிரண்டு கிடந்தால் அன்று நல்ல நாள்.

"காக்கா, பாரை என்ன விலை?"

"நில்லுங்க தம்பி, முதல்ல கூறு போடுவம்."

அந்தப் பொறுமை எனக்குப் பிடிக்கும். பங்கு பிரிக்காமல் விற்பனை இல்லை.

இதே கரையில்தான் 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறியது. இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் அந்த நாளைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்கள் சொன்னால் இருந்து கேளுங்கள்.

கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளி அருகில்தான். நாகூர் சாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக ஜமாதுல் ஆகிர் மாதத்தில் இங்கே கொடியேற்றம் நடக்கும். கந்தூரிச் சோற்றோடு நிறையும். பிறைக் கணக்கு என்பதால் ஆண்டுக்கு ஆண்டு பதினொரு நாளளவு முந்தும். அந்த நாட்களை ஒட்டி வர முடிந்தால் வேறொரு கல்முனையைக் காணலாம்.

பகல் சாப்பாட்டை வெளியூர்க்காரர் புரியாணியில் முடித்துவிடுகிறார்கள். புரியாணி நல்லதுதான், ஆனால் அது எங்கேயும் கிடைக்கும். நான் கேட்கச் சொல்வது வெறும் சோறும் மீனாணமும். காலையில் பார்த்த வயலின் அரிசி. காலையில் பார்த்த கடலின் மீன். ஆணத்தில் தேங்காய்ப் பாலும் புளியும் ஒன்றையொன்று அடக்காமல் நிற்க வேண்டும். முதல் பிடியில் புளி முந்தி வரும், பின்னால் பால் வந்து அதை ஆற்றும், விழுங்கிய பிறகுதான் மிளகாய் தெரியும். பக்கத்தில் கீரைச் சுண்டல், தேங்காய்ச் சம்பல் போதும். கலியாண வீட்டுக்கு யாராவது அழைத்தால் மறுக்காதீர்கள். சகனைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து ஒரே தட்டில் உண்ணும்போது, நல்ல இறைச்சித் துண்டைத் தன் பக்கத்திலிருந்து விருந்தாளியின் பக்கம் தள்ளிவிடும் விரல்களைக் கவனியுங்கள். கடைசியில் வட்டிலாப்பம் வரும். ஏலம் மணக்க வேண்டும், முட்டை மணக்கக் கூடாது.

பின்னேரம் மருதமுனைக்குப் போகலாம். கைத்தறிக்குப் பேர்போன ஊர். சாரம் வாங்குவது பிறகு. முதலில் தறியருகே நில்லுங்கள். பாவில் கருநீலம், ஊடையில் வெள்ளை. இரண்டும் குறுக்கிடும் கட்டத்தில் யாரும் சாயம் போடாத மூன்றாவது நிறம் ஒன்று பிறக்கும். மிதியும் நாடாவும் ஒரே தாளத்தில் போகும். நூல் அறுந்தால் நெய்பவருக்குக் கண்ணுக்கு முன்னே காதில் தெரிந்துவிடும். வழியில் பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயில். தீமிதிப்புக்குப் பேர் பெற்றது.

மறுநாள் காலை தெற்கே காரைதீவு. சுவாமி விபுலானந்தர் 1892இல் பிறந்த ஊர். பழந்தமிழரின் யாழைத் தேடிப் பல ஆண்டு உழைத்து, 1947இல் யாழ் நூலை அரங்கேற்றி, அடுத்த மாதமே கண்மூடிய அந்த மனிதர் கண்ணகி அம்மன் கோயில் கொண்ட இந்தச் சின்னக் கரையோர ஊரிலிருந்து போனவர் என்பதை அங்கே நின்று நினைப்பதில் ஒரு பெருமிதம் இருக்கிறது.

திரும்பும்போது சட்டித் தயிர் வாங்காமல் ஏறாதீர்கள். எருமைப்பால் தயிர். மண்சட்டி நீரை உறிஞ்சிக்கொள்வதால் இறுகி நிற்கும். கரண்டி போட்டு எடுத்த பள்ளத்தில் தண்ணீர் உடனே ஊறக் கூடாது. கித்துள் பாணி கொஞ்சம், அவ்வளவுதான்.

கல்முனைக்கு ரயில் இல்லை; மட்டக்களப்பில் இறங்கி பஸ் எடுக்க வேண்டும். மேற்குப் பக்கத்தால் நுழைய விரும்புகிறவர்கள் அம்பாறைக்கு வந்து வயல் வழியைப் பிடியுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும், நோன்பு மாதத்தில் பகல் சாப்பாடு கிடைப்பது அரிது. நாள் குறிக்குமுன் இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். மார்கழி, தையில் வருவதானால் கிட்டங்கியில் வெள்ளம் வீதிக்கு மேலால் பாயக்கூடும், பாய்ந்தால் போக்குவரத்து நின்றுவிடும். சவளக்கடையில் யாரிடமாவது தண்ணீர் எந்த மட்டில் நிற்கிறது என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.