போல்ட்டை மாற்றினால் குறி திருந்துமா?

ரைபிளால் இலக்கைச் சுடுவது ஒரு விளையாட்டு, அளவீட்டுக் கலையும்கூட. 100 மீட்டர் தொலைவில் வைத்த காகித இலக்கில் ஐந்து குண்டுகளைச் சுட்டால், ஐந்தும் ஒரே துளையில் நுழைவதில்லை. சற்றுப் பரவியே விழுகின்றன. மிகவும் விலகி நிற்கும் இரு துளைகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் 'பரவல்' என்போம். பரவல் குறையக் குறையத் துப்பாக்கியின் நுட்பம் மிகுதி என்று பொருள்.

அமெரிக்காவில் 1962இல் வெளிவந்த ரெமிங்டன் 700 என்னும் ரைபிள் வேட்டைக்காரரிடமும் இலக்குச் சுடுவோரிடமும் பெரிதும் பரவியது. தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட அதன் போல்ட்டைக் கழற்றிவிட்டு, மிக நுட்பமாகக் கடைந்து செய்த வேறொரு போல்ட்டைப் பொருத்தினால் பரவல் வெகுவாகக் குறையும் என்று பலர் அங்கே நம்புகின்றனர். அதற்கு நூற்றுக்கணக்கான டாலர் செலவாகும். இந்த நம்பிக்கை கணக்கின் முன் நிற்குமா? பார்ப்போம்.

போல்ட் செய்யும் வேலை

போல்ட் என்பது குழலின் பின்வாயை அடைக்கும் எஃகுத் தண்டு. கதவின் தாழ்ப்பாள் போன்றது எனலாம். அதன் முன்முனையில் இருபுறமும் துருத்தி நிற்கும் இரண்டு புடைப்புகளை 'லக்' என்பர். கைப்பிடியை இறக்கியதும் இவை, ரிசீவர் எனப்படும் உடற்பகுதியின் பள்ளங்களில் மாட்டிக்கொள்கின்றன. போல்ட்டின் உள்ளே சுருள்வில்லும் தோட்டாவின் அடியில் குத்தும் ஊசியும் உள்ளன.

இந்தத் தாழ்ப்பாள் தாங்கும் சுமை சாதாரணமானதல்ல. 308 வின்செஸ்டர் தோட்டாவில் மருந்து எரியும்போது அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை செல்லலாம். தோட்டாக்கூட்டின் உள் விட்டத்தை 10 மி.மீ. எனக் கொண்டால், போல்ட்டைப் பின்னோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ மூன்றரை டன்!

மாற்றச் சொல்வோரின் வாதம்

இரண்டு லக்குகளும் பள்ளங்களில் சமமாகப் பதிய வேண்டும். ஒன்று மட்டும் பதிந்தால் மூன்றரை டன் சுமையும் ஒரு பக்கமாகவே விழும். போல்ட் சிறிது வளையும். போல்ட்டின் முகம் குழலின் அச்சுக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் தோட்டா சாய்வாகத் தாங்கப்படும். போல்ட் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு நிலையில் நிற்கும். மேலும், விசையை இழுத்தபின் ஊசி தோட்டாவைத் தொடச் சுமார் 3 மில்லி விநாடி ஆகிறது. இலேசான ஊசியும் வலுவான வில்லும் இந்த நேரத்தைக் குறைக்கும்.

இவற்றுள் எதுவும் பொய் அல்ல. ஆனால் ஒரு பிழை இருக்கிறது என்பது வேறு. அதனால் விளையும் தீங்கு எவ்வளவு என்பது வேறு. வாதம் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறது.

மாறாத பிழையும் மாறும் பிழையும்

ஒரு லக் மட்டுமே பதியும் போல்ட், ஒவ்வொரு முறையும் ஒரே அளவு, ஒரே பக்கம் வளைகிறது என்று கொள்வோம். அப்போது ஐந்து குண்டுகளும் ஒன்றாக இடம் பெயரும், பரவல் மாறாது. குறிபார்க்கும் தொலைநோக்கியின் திருகைச் சிறிது திருப்பினாலே இது சரியாகிவிடும். முறைக்கு முறை மாறும் பிழைதான் பரவலை உண்டாக்குகிறது. ஆகவே, கோணல் என்று காட்டினால் மட்டும் போதாது. அந்தக் கோணல் மாறிக்கொண்டே இருக்கிறது என்றும் காட்ட வேண்டும்.

பிழைகளைக் கூட்டும் முறை

இனி முக்கியமான கணக்குக்கு வருவோம். ஒன்றையொன்று சாராத பிழைகளை நேராகக் கூட்டக் கூடாது. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் காண வேண்டும்.

விளக்கத்துக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். கடையில் வாங்கிய தோட்டாவால் 30 மி.மீ., குழலால் 20, சுடுபவரால் 15, போல்ட்டால் 10 மி.மீ. பரவல் வருகிறது எனலாம். வர்க்கங்களின் கூட்டுத்தொகை 900 + 400 + 225 + 100 = 1,625. வர்க்கமூலம் ஏறத்தாழ 40 மி.மீ.

போல்ட்டின் பிழையை அடியோடு நீக்கிவிடுவோம். 1,525 மிஞ்சும், வர்க்கமூலம் 39 மி.மீ. கிடைத்த இலாபம் ஒரு மில்லி மீட்டருக்குச் சற்று மேல். மாறாக, போல்ட்டைத் தொடாமல் நல்ல தோட்டாவைத் தேர்ந்து 30ஐ 15 ஆக்கினால் பரவல் 31 மி.மீ. ஆகிவிடும்.

தோட்டாவுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? குழலின் திருகுவரை 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால், விநாடிக்கு 808 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 2,650 முறை சுழல்கிறது. அதன் எடைமையம் அச்சிலிருந்து மயிரிழை விலகினாலும் குழலை விட்டதும் பக்கவாட்டில் விலகிச் செல்லும். அமெரிக்க மருத்துவரான ஃபிராங்க்ளின் மான் பல்லாண்டுக் காலம் சுட்டுச் சோதித்து, 1909இல் வெளியிட்ட நூலில் குண்டின் சமநிலைக்கும் அதன் அடிப்பாகத்தின் செம்மைக்குமே பெரும் இடம் தந்தார்.

ஓர் இலக்குக் காகிதம் சாட்சியாகுமா?

"மாற்றிய பின் என் துப்பாக்கி சுட்டதைப் பாருங்கள்!" என்று காகிதத்தைக் காட்டுவோர் உண்டு. அது நேர்மையான காகிதமாகவே இருக்கலாம். ஆனால் எதையும் மாற்றாத ஒரே துப்பாக்கியால் ஐந்தைந்தாகச் சுட்டாலும் பரவல் ஒரே அளவாக இராது. சராசரி 40 மி.மீ. என்றால், மூன்றில் இரண்டு பங்கு காகிதங்களே 29க்கும் 51க்கும் இடையில் விழும். மற்றவை அதற்கும் வெளியே போகும். இந்த ஏற்ற இறக்கத்துக்குள் ஒரு மில்லி மீட்டர் முன்னேற்றத்தை எப்படிக் காண்பது? அதை உறுதி செய்ய, முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கான காகிதங்கள் சுட வேண்டும். அதற்குள் குழலே தேயத் தொடங்கிவிடும்.

போல்ட்டோடு வேறு மாற்றங்களும் சேர்வதுண்டு. பட்டறைக்குப் போன துப்பாக்கிக்குப் புதுக்குழல் போடுவார்கள், கட்டையில் ரிசீவர் அசையாமல் படுக்கை அமைப்பார்கள். பிறகு வந்த நன்மை எல்லாவற்றுக்கும் போல்ட்டுக்கே பெயர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே நாம் கற்கும் பாடம் அன்றோ?

பயன் தரும் இடம்

அப்படியானால் போல்ட் வேலை வீணா? இல்லை. அதே 10 மி.மீ. பிழையை வேறோர் இடத்தில் வைத்துப் பாருங்கள். மேசைமேல் தாங்கிவைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டியாளரிடம் தோட்டாவின் பிழை 5, குழல் 4, சுடுபவர் 3 மி.மீ. எனக் கொள்வோம். போல்ட்டையும் சேர்த்தால் பரவல் 12 மி.மீ.; நீக்கினால் 7 மி.மீ. இங்கே அது பெரும் இலாபம். மற்றவை யாவும் செம்மைப்பட்ட பிறகே போல்ட்டின் குறை தலைகாட்டுகிறது.

இக்குறையை மலிவாகவும் தீர்க்கலாம் என்பதற்கு 1958இல் வந்த சாவேஜ் 110 ரைபிள் சான்று. அதன் போல்ட்டின் தலை தனித்துண்டு. சற்றே அசையக் கூடியது. சுமை ஏறும்போது தானாகவே நகர்ந்து இரு லக்குகளையும் பதியச் செய்கிறது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா அறைக்கும் உள்ள இடைவெளியை 'ஹெட்ஸ்பேஸ்' என்பர். 308 தோட்டாவுக்கு, போல்ட் மூடியாக வேண்டிய அளவுகோலுக்கும் மூடக் கூடாத அளவுகோலுக்கும் வேறுபாடு 0.1 மி.மீ. மட்டுமே. வேறு போல்ட்டை மாட்டினாலும், லக்குகளை அராவினாலும் இது மாறும். இடைவெளி மிகுந்தால் தோட்டாக்கூடு கிழிந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தில் அடிக்கும். தேர்ந்த கைவினைஞர் அளவுகோலால் சோதிக்காமல் அந்தத் துப்பாக்கியைச் சுடக் கூடாது.

ஆகவே நம் முடிவு இது. சாதாரணத் துப்பாக்கியில் நுட்பத்துக்காக மட்டும் போல்ட்டை மாற்றுவது தகுந்த செலவு அல்ல. முதலில் தோட்டா, அடுத்துக் குழல், பிறகு கட்டையும் சுடுபவரின் பயிற்சியும். குழல் தேய்ந்து மாற்றும் நாளில் போல்ட்டையும் சரிபார்த்துக்கொள்ளலாம். ஹெட்ஸ்பேஸை அன்று எப்படியும் அளந்தாக வேண்டும்.

மாணவர்களே, அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் உங்கள் விடை விலகினால், பிழை வரக்கூடிய இடங்களை அளவோடு எழுதி வர்க்கப்படுத்திப் பாருங்கள். எதை முதலில் திருத்த வேண்டும் என்பது அந்தப் பட்டியலிலேயே தெரியும்.