நாயகி பாவமும் நர்த்தகியும்

திருவண்ணாமலையின் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதில் அடி அண்ணாமலையில் மாணிக்கவாசகருக்கு ஒரு கோயில் இருக்கிறது. திருவெம்பாவையின் இருபது பாடல்களையும் அவர் இங்கேதான் பாடினார் என்பது மரபு. விடியலில் நீராடக் கிளம்பும் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி எழுப்பும் குரல் அது; பாடியவரோ பாண்டியனிடம் அமைச்சராக இருந்த ஆண். கார்த்திகை தீபத்தன்று மாலையில் அண்ணாமலையார் கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் ஆடியபடி வெளியே வருவார், மலை உச்சியில் தீபம் ஏறும், சில நிமிடங்களில் அவர் உள்ளே திரும்பிவிடுவார். மறுபடி பார்க்க ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

பரதநாட்டியக் கலைஞரும் திருநங்கையுமான நர்த்தகி நடராஜைப் பாராட்ட மேடையேறுகிறவர்கள் இந்த இரண்டில் ஒன்றைத் தவறாமல் எடுப்பார்கள். ஆண் பெண் பேதம் கடந்தது நம் மரபு, அதன் தொடர்ச்சிதான் இவர் என்பார்கள். கேட்க இதமான பேச்சு. ஆனால் அவருடைய வாழ்க்கை இதற்குச் சாட்சி சொல்லவில்லை.

1964-ல் மதுரையில் பிறந்தவர் நர்த்தகி. வைஜெயந்திமாலாவின் படங்களைப் பார்த்து ஆடப் பழகினார். பெண்மை வெளிப்பட்டபோது வீடு அவரை ஏற்கவில்லை. சிறுவயதுத் தோழி சக்தி பாஸ்கரும் அவரும் வைஜெயந்திமாலாவின் குருவைத் தேடித் தஞ்சாவூர் போனார்கள். நாட்டிய ஆசான்களான தஞ்சை நால்வர் வழிவந்த கே. பி. கிட்டப்பா பிள்ளை அவர்களை நெடுநாள் காக்க வைத்த பிறகே சேர்த்துக்கொண்டார். பல ஆண்டுகள் குருகுலவாசம். ‘நர்த்தகி’ என்ற பெயரும் குரு சூட்டியதே. மரபு அவ்வளவு விசாலமானது என்றால் இத்தனை கதவுகள் ஏன் சாத்தியிருந்தன?

விடை இந்த மண்ணிலேயே இருக்கிறது. திருவண்ணாமலை வட்டாரத்துத் தெருக்கூத்தில் திரௌபதி வேஷம் கட்டுகிறவர் ஆண். துகிலுரிதல் நடக்கும் இரவில் அவர் காலில் விழுந்து கும்பிடுகிற பெண்களைப் பார்க்கலாம். மெலட்டூர் பாகவத மேளாவிலும் பெண் பாத்திரங்களை ஆண்களே ஏற்கிறார்கள். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவே உருகினார். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு நிபந்தனை உண்டு: வேஷம் கலைய வேண்டும். பொழுது விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டுக் கழனிக்குப் போகிறவருக்குத்தான் அந்த மரியாதை. கலைக்க வேஷமே இல்லாதவரை அதே ஊர் பேருந்து நிலையத்தில் எப்படிப் பார்க்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆகவே நர்த்தகியை மாணிக்கவாசகரின் வாரிசு என்பது பாதி உண்மை. அந்தப் பாதியைச் சொல்லி மீதியை மறைப்பதில் நமக்கு வசதி இருக்கிறது.

நர்த்தகியின் கலைக்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான வாதம் வேறொரு திசையிலிருந்து வருகிறது. இப்படிப்பட்ட வாழ்விலிருந்து வந்தவர் வடிவத்தை ஏன் உடைக்கவில்லை? வர்ணம், பதம், தில்லானா என்ற மார்க்கத்தையும், தலைவனுக்காகக் காத்திருந்து வாடும் நாயகியையும் ஏன் அப்படியே வைத்துக்கொண்டார்? இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களின் மனத்தில் நடன ஆசிரியர் சந்திரலேகா இருப்பார். 1952-ல் சென்னையில், ராயலசீமா வறட்சி நிதிக்கான தன் முதல் மேடையில், ‘மதுரா நகரிலோ’ பாடலுக்கு யமுனையின் நீர்ப்பெருக்கை அபிநயித்துக்கொண்டிருந்தபோதே வெடித்துக் கிடக்கும் நிலம் அவர் நினைவில் வந்து நின்றது. நாட்டியத்தின் மேல் அன்று விழுந்த சந்தேகம் அவரை விடவில்லை. பின்னாளில் பல ஆண்டுகள் மேடையை விட்டே ஒதுங்கியிருந்தார். 1985-ல் ‘அங்கிகா’வோடு திரும்பியபோது களரியும் யோகமும் உடன் வந்தன, வாடும் நாயகி வரவில்லை. 1998-ன் ‘ராகா’வில் ஆண் உடலுக்குள் இருக்கும் பெண்மையையே பொருளாக எடுத்தார். அவர் எதையும் தனியாகச் செய்யவில்லை. களரி வீரர்கள், ஒளியமைத்த சதானந்த் மேனன், ஓவியர் தஷ்ரத் படேல் என்று அவருடைய சந்தேகத்தைச் சுமக்கப் பல தோள்கள் இருந்தன.

சந்திரலேகாவின் உயரத்தைக் குறைக்க எனக்கு எண்ணமில்லை. ஆனால் இந்த ஒப்பீடு தராசை ஒரு பக்கம் அழுத்திப் பிடிக்கிறது. சந்திரலேகா சந்தேகித்தது நாட்டியத்தை. நாட்டியம் ஆட அவருக்குத் தகுதி உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கையில் உள்ளதைத்தான் ஒருவர் துறக்க முடியும். நர்த்தகியின் விஷயத்தில் உலகம் சந்தேகித்தது ஆடுகிறவரை. அரைமண்டி சற்றே தளர்ந்தாலும் ‘இதுக்குத்தான் சொன்னோம்’ என்று சொல்லக் காத்திருந்த சபையின் முன் வடிவத்தைச் சுத்தமாக நிறுத்துவதே அவருக்கு வாய்த்த வாதம். அவருக்கும் துணை தேவைப்பட்டது. சேர்ந்தே கற்று, சேர்ந்தே வாழும் சக்தி ஒருவர். இசை வேளாளர் நட்டுவனாரான குரு மற்றவர். சதிர் பரதநாட்டியமாகப் பெயர் மாறிய காலத்தில் மேடையின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளப்பட்ட சமூகம் அது. அந்தச் சமூகத்தின் ஆசான் இன்னொரு விதத்தில் தள்ளப்பட்டவரிடம் தன் பாணியை ஒப்படைத்தார். நாட்டிய வரலாறு எழுதுகிறவர்கள் இதில் இன்னும் கொஞ்சம் நின்று பார்த்திருக்கலாம்.

வேறொரு ஆபத்தும் உண்டு: கலைஞரின் துயரம் கலையை மறைத்துவிடுவது. அதற்கு ஓர் உதாரணம். அமெரிக்கக் கறுப்பின நடன ஆசிரியர் பில் டி. ஜோன்ஸ் தன் காதலர் ஆர்னி ஸேனோடு 1982-ல் குழு தொடங்கினார். எய்ட்ஸ் 1988-ல் ஸேனைக் கொண்டுபோனது. உயிர்கொல்லி நோயோடு வாழ்கிறவர்களைப் பட்டறைகளில் சந்தித்து, அவர்கள் தந்தவற்றிலிருந்து ஜோன்ஸ் 1994-ல் ‘ஸ்டில்/ஹியர்’ படைப்பை உருவாக்கினார். ‘தி நியூ யார்க்கர்’ இதழின் நடன விமர்சகர் ஆர்லீன் க்ரோச்சே அதைப் பார்க்கவே மாட்டேன் என்று அறிவித்து, பார்க்காமலே ஒரு கட்டுரை எழுதினார். துயரத்தை மேடையேற்றி இரக்கம் கேட்டால் விமர்சகர் என்ன செய்வது என்பது அவர் கட்சி. பார்க்காமல் எழுதியது தவறு, அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனாலும் இரக்கம் விமர்சனத்தின் இடத்தில் உட்கார்ந்துவிடும் என்ற அச்சத்தைத் தள்ளிவிட முடியவில்லை. நர்த்தகி பற்றித் தமிழில் வந்தவற்றைப் புரட்டுங்கள். வீட்டை விட்டு வந்த கதை இருக்கும், விருதுகள் இருக்கும். ஜதி முடியும் தீர்மானத்தில் கால் எப்படி விழுந்தது என்று ஒரு வரி தேட வேண்டியிருக்கும். மேடையேறிய துயரத்தைக் காரணம் காட்டி க்ரோச்சே நடனத்தைப் பார்க்க மறுத்தார். நாம் நர்த்தகியின் துயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தே நடனத்தைத் தவறவிடுகிறோம்.

அவருடைய கலையின் எல்லையையும் சொல்லத்தான் வேண்டும். தேவாரம், திருவாசகம், திவ்யப் பிரபந்தம் ஆகியவற்றை மேடைக்குக் கொண்டுவந்ததில் அவர் பங்கு பெரியது. ஆனால் அங்கே நாயகியின் ஆசைக்கு இலக்கு எப்போதும் தெய்வமே. திருநங்கை ஒருத்தி ஓர் ஆணை விரும்புவதைச் சபா ஒப்புக்கொள்ளும், அந்த ஆண் சிவனாகவோ பெருமாளாகவோ இருந்தால். கிட்டப்பா பிள்ளையிடமே கற்ற ஹரி கிருஷ்ணன் டொரண்டோவில் தன்பாலீர்ப்பை நேரடியாகவே மேடையில் பேசுகிறார். சென்னையின் மயிலாப்பூர் சபாக்களில் அது எளிதல்ல. இந்த எல்லையை நர்த்தகி போடவில்லை என்றாலும், அதைத் தாண்டும் படைப்பு எதையும் அவர் தரவுமில்லை.

என் முடிவு இதுதான். நடன ஆசிரியராகச் சந்திரலேகா திறந்த அளவுக்கு நர்த்தகி புதிய மொழி எதையும் திறக்கவில்லை. அந்த வரிசையில் அவரை வைப்பது மிகை. ஆனால் தஞ்சாவூர் பாணியைக் காத்துக் கைமாற்றியவர்களில் அவர் முன்வரிசைக்காரர். அந்த இடம் ஆட்டத்தால் வந்தது, கதையால் அல்ல. 2011-ல் சங்கீத நாடக அகாதமி விருதும், 2019-ல் திருநங்கை ஒருவருக்கு முதன்முதலாகப் பத்மஸ்ரீயும் கிடைத்த பிறகும், இந்தத் தகுதியை அடவு அடவாகப் பார்த்து எழுதும் வேலையை நம் விமர்சகர்கள் இன்னும் சரியாகத் தொடங்கவில்லை.